ஒரு வருசம்னுதானே கேட்டாரு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில் ஏற்காட்டு மலைக்கு மூன்று நாள் தியானத்துக்குப் போயிருந்தேன். ‘பறை, அம்பேத்கர், ஆர்ப்பாட்டம்னு அலையுற உனக்கு எதுக்குடா தியானம்?’ என்று தோழர்கள் சிரித்தார்கள். பங்குச் சாமியார் பெயரைக் கொடுத்துவிட்டார், போனேன் என்று அவர்களிடம் சமாளித்தேன். உண்மை அதுவல்ல. அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய கால், சாமியாரிடம் சொன்னால் தீரும் என்று மலையேறிவிட்டது.

அந்த மலை எனக்குப் புதிது இல்லை. சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டு வந்து வைத்தவர் காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர், 1820களில், என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். குழி வெட்டியவர்கள் பெயரை எந்தக் கையேடும் எழுதாது. என் அம்மா எட்டு வயசில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போனவள். அவளுடைய அம்மாவும் அதே செடிகளில்தான் பறித்தாள். அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, மேஸ்திரி சாக்கை நிறுத்துப் பார்த்துக் குறைத்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு தலைமுறை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, பிள்ளைகளுக்குக் காப்பகம், மருத்துவம் என்று எழுதி வைத்தது. அம்மா பார்த்தது பத்தடிக்குப் பத்தடி லைன் வீடு. ஆக, இந்த மலையில் தியான இல்லங்கள் இருக்கின்றன என்று தெரிவதற்கு முன்பே எனக்கு லைன் வீடுகளைத் தெரியும். தியான இல்லத்தைச் சுற்றியும் காப்பிச் செடிகள்தான் நின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. உள்ளே அமைதி. ‘மௌனம் காக்கவும்’ என்று பலகை. எங்கள் ஆட்களுக்கு இதை எழுதிப் போட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலைத் தலைப்பு ‘கடவுளின் பொறுமை’. நல்ல பேச்சாளர். உலகம் இவ்வளவு கெட்டும் தீர்ப்பு நாள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். பேதுருவின் இரண்டாம் திருமுகத்தை எடுத்தார். கடவுள் தாமதிக்கவில்லை, பொறுத்திருக்கிறார். ஒருவரும் அழிந்துவிடக் கூடாது, எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று காத்திருக்கிறார் என்றார். பிறகு லூக்கா நற்செய்தியின் அத்திமரக் கதை. மூன்று வருடமாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் தோட்டத்துக்காரர். தோட்டக்காரத் தொழிலாளி இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். ‘இதுதான் இறைவனின் பொறுமை. நாமும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று முடித்தார். பக்கத்தில் இருந்த ஆசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் பாவசங்கீர்த்தனம். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, முழங்கால் மாறவில்லை. முழங்காலிட்டேன்.

‘சாமி, எனக்குக் கோபம் இருக்கு’ என்றேன்.

‘யார் மேல தம்பி?’

‘ஊர் மேல. பங்குப் பேரவை மேல. உங்க மேலயும்.’

சொன்னேன். எங்கள் ஊர் கீழே சமவெளியில் இருக்கிறது. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே அப்பம். கல்லறை மட்டும் இரண்டு. கோயில் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிற தூம்பா வண்டி, அதாவது சவத்தைக் கொண்டு போகிற வண்டி, ஊர்த் தெருக்காரர்களுக்கு மட்டும். அப்பா அந்தக் கோயிலுக்கு முப்பது வருடம் மணியடித்தவர். யார் செத்தாலும் துக்க மணி அடிப்பது அவர்தான். வண்டி வெளியே போகும்போதெல்லாம் அவர் அடித்த மணிதான் முன்னால் போயிற்று. அவர் செத்தபோது வண்டி வரவில்லை. சாவி பேரவைக்காரர் ஒருவர் வீட்டில். அவர் வெளியூர் போய்விட்டார் என்றார்கள். பெரிய தெரு வழியே கொண்டு போகக் கூடாது என்பதால் வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டு, சேற்றில் கால் வழுக்க வழுக்கத் தோளில் தூக்கிப் போனோம். சாமியார் கோயில் வாசலில் மந்திரித்தார். எங்கள் கல்லறை வரை வரவில்லை.

திரைக்கு அப்பால் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. வருத்தம் குரலில் தெரிந்தது. பிறகு சொன்னார்: ‘கோபம் தலையான பாவங்கள்ல ஒண்ணு தம்பி. ஆண்டவர் அவங்களைப் பொறுத்துக்கிட்டு இருக்கார். நீங்களும் பொறுத்துக்கணும். உங்க கோபத்துக்காக மனந்திரும்புங்க. அபராதமா ஒரு ஜெபமாலை சொல்லுங்க.’

அப்பாவைச் சேற்றில் தூக்கிப் போனவனுக்கு அபராதம் ஒரு ஜெபமாலை. வண்டியைப் பூட்டி வைத்தவனுக்கு என்ன அபராதம்? கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஜெபமாலை சொல்லவில்லை. அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, நாகலூர்ப் பக்கம் சின்னம்மா இருக்கிற லைனுக்கு நடந்தேன். பறிப்பு முடிகிற நேரம். உதிர்ந்த பழம் பொறுக்க அம்மா மேலே வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அத்திமரக் கதையையும் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. செடி தெரியும். வறக்காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

‘ஏங்கண்ணு, அந்தத் தோட்டக்காரரு தவணை கேட்டாரே, சும்மா ஒக்காந்துக்கறேன்னா கேட்டாரு? சுத்திக் கொத்துறேன், எருப் போடுறேன்னுதானே கேட்டாரு? அப்புறம் ஒரு வருசம்னுதானே கேட்டாரு? முன்னூறு வருசம்னா கேட்டாரு?’

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். விடுதலை இறையியல், தலித் இறையியல் என்று கருத்தரங்குகளில் குறிப்பெடுத்தவன். அந்தக் கேள்விக்கு மேலே ஒரு வரி நான் எங்கும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அம்மாவின் கேள்விக்கு உரை. வேறொன்றும் இல்லை.

*

முதலில் ‘பொறுமை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு வர்க்க வரலாறு உண்டு. வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். தன்னைத் தோண்டுகிறவனையும் சுமக்கிற நிலத்தை உவமை காட்டினார். வகுப்பில் இதைப் பாடம் எடுத்த பேராசிரியர் உருகிப்போனார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இதில் நிலம் யார், மண்வெட்டி வைத்திருப்பவன் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காலம் காலமாக எங்களைத்தான் நிலமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் விவிலியத்தில் பொறுமை யாருடையது? கடவுளுடையது. யாரிடம் காட்டப்படுவது? பாவம் செய்தவனிடம். எதற்காக? அவன் திருந்துவதற்கு. நினிவே நகரத்துக்கு யோனா போனது அங்கே அடிபட்டவனைப் பார்த்து ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்ல அல்ல. அரசனே சிம்மாசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான் என்கிறது கதை. எங்கள் பிரசங்க மேடைகளில் நடப்பது தலைகீழ். கடவுள் குற்றவாளிக்குக் கொடுத்த தவணையை, அடிபட்டவனுக்கு இட்ட கட்டளையாக மாற்றிவிட்டார்கள். வாங்கிய கடனுக்கு வட்டிக்காரன் அவகாசம் கொடுத்தால், கடன் பட்டவன் அந்த அவகாசத்தைக் காட்டி இன்னொருவன் சோற்றைப் பறிக்கலாமா? மத்தேயு நற்செய்தியில் அப்படிச் செய்தவனுக்கு என்ன நடந்தது என்று பிரசங்கிமார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மா கேட்ட ‘முன்னூறு வருச’த்துக்கு வருவோம். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கணக்குப் பார்த்தால் அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, ‘பரங்கி’ அல்ல என்று சொல்லி, உயர்சாதியாருக்குத் தனி வழியில் வேதம் போதித்தார். 1623-இல் சேந்தமங்கலம், சேலம் வரை வந்திருக்கிறார். ஆக, ஏற்காட்டு மலையடிவாரம் அன்றைக்கே நற்செய்தி கேட்ட மண். 1640 முதல் தாழ்த்தப்பட்டோரிடமும் போகப் ‘பண்டாரசாமிகள்’ என்று வேறொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். வேதம் ஒன்று, அதைச் சொல்லுகிற வாய் இரண்டு. உயர்சாதியார் மனம் கோணாமல் மெதுவாகத் திருத்தலாம் என்பதுதான் அன்றைக்குச் சொன்ன நியாயம். முதல் தவணை அங்கே தொடங்குகிறது.

1704. புதுச்சேரி. ரோமிலிருந்து வந்த போப்பின் தூதர் தூர்னோன் ஓர் ஆணை போடுகிறார். சாகக் கிடக்கிற பறையர்களின் வீட்டுக்குள் குருக்கள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும். இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே அதுவரை என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. உயிர் போகிற நேரத்தில்கூடக் குடிசை வாசற்படி தீட்டு. இந்த ஆணைக்கு எதிராகச் சேசு சபையார் ரோமுக்கு மனுமேல் மனுப் போட்டார்கள். ஊரில் மற்றவர்கள் விலகிப் போய்விடுவார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்பதே வாதம். நாற்பது ஆண்டுகள் வழக்கு நடந்து, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் ஒரு முடிவு சொன்னார். பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு வாசற்படியைத் தாண்ட நாற்பது வருடம். தாண்டுவதற்கும் வேறு ஆள்.

சீர்திருத்தச் சபைகள் இதில் சளைத்தவை அல்ல. எம்.ஏ. பாடத்தில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ படித்தோம். எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்றும் அவர் கீர்த்தனைகள் பாடாத கிறித்தவக் கோயில் இல்லை. அதே சாஸ்திரியார் 1829-இல், சாதியைத் திருத்தப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று எழுதினார். நற்கருணையில் வேளாளரும் பறையரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்ற புது மிஷனரிமார் மேல் அவருக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தைத் தலையான பாவம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. கிறித்துவை விட முடிந்தது.

வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குள்ளேயே சுவர். இரண்டு கால் வைத்த கால்சட்டைபோல ஒரு கோயில். ஒரு காலில் வேளாளர் முதலானோர், மறுகாலில் நாடார் முதலானோர். நடுவில் பீடம். 1910-இல் கௌசானல் என்ற குரு அந்தச் சுவரை இடித்தார். உயர்சாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள்; தோற்றார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: வானம் இடிந்து விழவில்லை. ஒரு சுவரை இடிக்க வேண்டியவை கடப்பாரையும் ஒரு சாமியாரின் முதுகெலும்பும் மட்டுமே. யுகங்களின் பொறுமை வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நூறு வருடத்தில் எத்தனை கௌசானல்கள் வந்தார்கள்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு இடையில் சுவர். 2010-இல் அதில் ஒரு பகுதியை இடித்தவர்கள் பெரியார் இயக்கத் தோழர்கள். கடவுள் இல்லை என்றவர்கள் வந்து இடிக்கும்வரை கடவுளின் ஆட்கள் பொறுமை காத்துக்கொண்டிருந்தார்கள்.

எறையூரை மறக்க முடியுமா? 2008 மார்ச் 9. தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் மேல் வன்னியக் கிறித்தவர்களின் தாக்குதல். வீடுகள் நொறுங்கின. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் செத்தார்கள். அந்த நாள் என்ன நாள் என்று யாரும் சொல்வதில்லை. நான் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு. நெற்றியில் சாம்பல் பூசி, மனந்திரும்புங்கள் என்று கேட்டு முப்பத்திரண்டே நாள்.

*

‘திருச்சபை பேசவில்லையா?’ என்று கேட்பார்கள். பேசியிருக்கிறது. 2003 நவம்பரில் இரண்டாம் ஜான் பால், ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடம், கிறித்தவர்களுக்கிடையே சாதி பார்ப்பது மனித ஒற்றுமைக்கே எதிரான சாட்சி என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. 2022-இல் தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனார். இவற்றை நான் சிறுமைப்படுத்தவில்லை. எங்கள் தோழர்கள் தெருவில் நின்று வாங்கிய வார்த்தைகள் இவை.

ஆனால் ஞானோபதேச வகுப்பில் பிரம்பை வைத்துக்கொண்டு உபதேசியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும். பாவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மனம் வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அபராதம் தீர்க்க வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் செல்லாது, அதுவே இன்னொரு பாவம் என்று உபதேசியார் பயமுறுத்துவார். திருச்சபை நினைத்துப் பார்த்துவிட்டது, எத்தனை கருத்தரங்கு! வருந்திவிட்டது. வாய்விட்டும் சொல்லிவிட்டது. மூன்றாவதும் ஐந்தாவதும் எங்கே? எட்டு வயசுப் பையனுக்குச் செல்லாத பாவசங்கீர்த்தனம் ஆயர் பேரவைக்கு மட்டும் செல்லுமா?

எங்கே யாரிடம் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1950 ஆகஸ்டு 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கொள்ள முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. எங்களுக்குத் திறக்கவில்லை. சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளி, மற்ற தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தீர்ப்பு. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று வழக்குத் தள்ளுபடி. சான்று யார் கையில் இருந்தது? இரண்டு கல்லறையின் வரைபடமும், பூட்டிய வண்டியின் சாவியும் யார் வீட்டில் இருந்தன?

இன்றைக்கு ஆயர்கள் தில்லிக்குப் போய், எங்கள் சபைக்குள் சாதி இருக்கிறது, எங்கள் தலித் மக்களுக்கு உரிமை கொடுங்கள் என்கிறார்கள். சரியான கோரிக்கை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் இதற்கென்றே கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். ஒவ்வோர் ஆகஸ்டு 10-ஆம் தேதியும் கோயில்களில் கருப்புக் கொடி ஏற்றுகிறோம். நானும் ஏற்றியிருக்கிறேன். ஐந்து நாள் கழித்து ஆகஸ்டு 15, மாதா விண்ணேற்புத் திருவிழா. எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் தேர். ஐந்து நாளுக்கு முன் ‘சாதி இருக்கிறது’ என்று கருப்புக் கொடி பார்த்த அதே கோயிலிலிருந்து கிளம்புகிற தேர், எங்கள் தெரு முனை வரை வந்து திரும்பிவிடும். ஏன் சாமி என்றால், ‘நமக்குள்ள என்னப்பா சாதி? வழக்கம்தானே, பொறுமையா மாத்துவோம்’. தில்லியில் சாதி உண்டு, தெருவில் சாதி இல்லை! மத்திய அரசிடம் பாவசங்கீர்த்தனம், பங்கு மக்களிடம் மௌனம்.

*

எதிர்க்கேள்விகள் வரும். இரண்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: ‘உன்னைப் படிக்க வைத்தது யார்?’ மிஷன் பள்ளிதான். மறுக்கவில்லை. சேரிப் பிள்ளைக்குச் சிலேட்டுக் கொடுத்த கையை நான் மறக்க மாட்டேன். ஆனால் அந்த எழுத்தைக் கொடுத்தது லூக்காவையும் ஆமோசையும் படிக்கத்தானே? படித்துவிட்டுக் கேட்கிறேன். படிக்க வைத்ததற்கு நன்றி வாயை மூடிக்கொள்வது என்றால், அது படிப்பு இல்லை, பண்ணையாள் முன்பணம்.

இரண்டு: ‘நாடு கிடக்கிற கிடப்பில் இதைப் பேசினால் இந்துத்துவாக்காரன் எடுத்துக்கொள்வான்.’ அவன் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை? எங்களுக்கு உரிமை கொடுக்கக் கூடாது என்று வாதாடுகிறவனும் அவன்தான், தாய்மதம் திரும்பு என்று கூப்பிடுகிறவனும் அவன்தான். அந்தத் தாய் எங்களை வைத்திருந்த இடம் எங்களுக்குத் தெரியும். அவனுக்குப் பயந்து பூட்டிய வண்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்றால், சாவி வைத்திருக்கிறவனுக்கு அவனைவிட நல்ல காவல்காரன் கிடைக்க மாட்டான். அவன் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்க வழி ஒன்றுதான். வண்டியைத் திறங்கள்.

‘அப்படியானால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே?’ என்று என் பௌத்தத் தோழர்கள் கேட்கிறார்கள். வந்தவர்கள் இருக்கிறார்கள். மடத்தைவிட்டு வெளியே வந்த பாமா, 1992-இல் ‘கருக்கு’ எழுதி எங்கள் தலைமுறைக்கு வாயைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்துகொண்டே சண்டை போட்டவர்களும் உண்டு. அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதே வழிபாடு என்று சேரிப் பாட்டிலும் பறையிலும் சொல்லிவிட்டுப் போனார். நான் போவேனா இருப்பேனா என்பது இங்கே கேள்வி இல்லை. கல்லறையில் அப்பா இருக்கிறார். அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

*

தீர்ப்பைப் பற்றிக் கடைசியாக. தியானங்களில் தீர்வை நாளைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். நெருப்பு, புழு, பற்கடிப்பு. எங்கள் தெருப் பெண்கள் அதைக் கேட்டு ஒருநாளும் பயந்து நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கலெக்டர் ஆபீஸ், ஆயர் இல்லம், கோர்ட்டு என்று எங்குமே எடுக்கப்படாத மனு ஒன்று, ஒருநாள் எடுக்கப்படும் என்பது மனுப் போட்டவனுக்கு எப்படிப் பயமாக இருக்கும்? பிரதிவாதிக்குத்தான் பயம். லாசர் கதையில் பணக்காரனுக்கும் லாசருக்கும் நடுவில் தாண்ட முடியாத பள்ளம் என்று வருகிறதே, அதைச் செத்த பிறகு யாரும் புதிதாக வெட்டவில்லை. உயிரோடிருக்கையில் அவன் வீட்டு வாசலில் இருந்த கேட்டுதான் அது. அவனே பூட்டியது. திறக்க அவனுக்கு ஆயுசு முழுவதும் தவணை இருந்தது.

திறந்தவன் ஒருவன் இருக்கிறான். சக்கேயு. வரி வசூலித்துச் சுருட்டியவன். மரத்திலிருந்து இறங்கியதும் அவன் ஜெபமாலை சொல்லவில்லை, கொள்கை அறிக்கை வெளியிடவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றியதற்கு நாலு மடங்கு திருப்பி. அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்றார் இயேசு. மனந்திரும்புதலுக்கு நற்செய்தி வைத்திருக்கிற அளவுகோல் இது. மனசு திரும்பினால் கை திரும்ப வேண்டும்.

நாங்கள் நாலு மடங்கு கேட்கவில்லை. ஒரு வண்டி, ஒரு கல்லறை, தேருக்கு எங்கள் தெரு. பங்குப் பேரவையில் எங்கள் தலைக்கணக்குக்கு ஏற்ற இடம். திருச்சபைப் பள்ளி, கல்லூரிகளில் வேலையும் இடமும் யார் யாருக்குப் போயின என்று ஆண்டுதோறும் வெளிப்படையான கணக்கு. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள் என்று திருச்சபையே சொல்கிறது. பெரும்பான்மையோர் கேட்கிற கணக்கு இது. இவை நடக்காத பங்கில் தேர்த் திருவிழா வேண்டாம். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, மனத்தாங்கல் உள்ள சகோதரனிடம் முதலில் போய் ஒப்புரவாகு என்று சொன்னவர் நான் இல்லை.

எங்கள் பங்கில் வண்டியைப் பொதுவாக்கக் கேட்டு, தெருவில் எல்லாக் குடும்பத்தாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து மனுக் கொடுத்தோம். தவக்காலம் முடியட்டும் என்றார்கள். திருவிழா முடியட்டும் என்றார்கள். புதுச் சாமியார் வரட்டும் என்றார்கள். வந்தார். பொறுமையாக இருங்கள் என்றார்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயசு. மலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மூச்சு வாங்குகிறது. போன வாரம் என்னையும் தம்பியையும் உட்கார வைத்துச் சொன்னாள்: ‘நான் செத்தா அந்த வண்டியில பெரிய தெருவுலதான் போவணும். வண்டி வரலேன்னா தூக்காதீங்க. கோயில் வாசல்லயே கெடக்கட்டும். எத்தன நாளு பொறுக்கறாங்கன்னு பாப்போம்.’

கடவுளின் பொறுமைக்கு எல்லை உண்டா என்பது இறையியல் கேள்வி. ஆயர்கள் கூடிப் பேசட்டும். அம்மாவின் ஆயுசுக்கு எல்லை உண்டு. அதற்குள் சாவி வர வேண்டும்.